அஞ்சுவின் பேரில் ஒரு நேர்ச்சை

தக்கலையில் மகன் வீட்டில் இருக்கும்வரை சத்தியபாய்க்கு வெற்றிலை நினைப்பே வராது. நாகர்கோவிலில் பஸ் மாறி, கீரிப்பாறை பஸ் தடிக்காரன்கோணத்தைத் தாண்டி, ரப்பர் பாலின் புளித்த வாடை ஜன்னல் வழியாக முகத்தில் அடித்ததோ இல்லையோ, நாக்கு தானாக இடது கன்னத்துக்குள் போய்த் துழாவ ஆரம்பித்துவிடும். இருபத்தெட்டு வருடம் போயிலைத் துண்டு குடியிருந்த இடம் அது. இப்போது அங்கே ஒரு வெள்ளைத் திட்டு குடியிருந்தது.

அதைக் கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். வயது முப்பதுகூட இராது. பல்வலி என்று மருமகள் அஜிதா கூட்டிப்போக, அந்தப் பெண் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, பல்லைப் பார்க்காமல் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெற்றிலை போடுவீங்களாம்மா?"

"சின்னப் பழக்கம்தான்" என்றாள் சத்தியபாய். டாக்டரிடம் சொல்லும்போது எல்லாருடைய பழக்கமும் சின்னப் பழக்கம்தானே.

கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை. ஆனால் வெற்றிலை, பாக்கு, போயிலை மூன்றையும் விடாவிட்டால் அது அந்த வழியில் போகக்கூடும். விட்டுவிட்டால் சிலருக்குத் திட்டு மங்கிவிடுவதும் உண்டு. மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். அஜிதா அன்றைக்கே மாமியாரின் வெற்றிலைப் பையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். பத்து நாள் தலைவலி, எரிச்சல், கண்டவர்மேல் எல்லாம் கோபம். பதினோராம் நாள் சரியாகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் அடிமையாக இருந்தோம் என்று சத்தியபாய்க்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் வீட்டில் விடுவது ஒன்று, லீலாபாயின் முன்னால் விடுவது வேறு.

லீலாபாயும் அவளும் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த வரிசைகளில் பால் வெட்டியவர்கள். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பட்டையைச் சீவி முடித்துவிட்டு, பால் வடிந்து சிரட்டை நிறையும்வரை ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் வெற்றிலை. தூக்கத்தை விரட்ட அதுதான், பசியை ஏமாற்ற அதுதான். காலில் ஏறிய அட்டையின் மேல் போயிலைச் சாற்றைத் துப்பினால் சுருண்டு விழும். ஆக மருந்தும் அதுதான். ஒரு வெற்றிலையை நடுநரம்போடு இரண்டாகக் கிழித்துப் பாதியைத் தன் வாயில் போட்டு, மறுபாதியில் சுண்ணாம்பு தடவிச் சத்தியபாயிடம் நீட்டுவாள் லீலாபாய். கூடப்பிறந்தவர்களிடம்கூட இத்தனை ஒழுங்காகப் பங்கு கிடைக்காது.

இருவரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றார்கள். லீலாபாய் மலையடிவாரத்திலேயே கணவன் கிருஷ்ணமணியோடும் மகள் அஞ்சுவோடும் இருந்துவிட்டாள். கணவனை இழந்த சத்தியபாய் மகனோடு தக்கலைக்குப் போனாள். போனாலும் பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவாள்.

வெற்றிலையை விட்ட பிறகு முதன்முதலாகப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னே லீலாபாய் பாதி வெற்றிலையை நீட்டினாள்.

"வேண்டாம்ட்டி. டாக்டர் விடச் சொல்லியிருக்கா."

"டாக்டர்மார் எதைத்தான் விடச் சொல்லல்ல? உப்பு வேண்டாம், சீனி வேண்டாம், தேங்கா வேண்டாம். பின்ன எதுக்கு மனுசன் உயிரோட இருக்கது? இந்தா, போயில கொறச்சுத்தான் வச்சிருக்கேன்."

வெள்ளைத் திட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புற்றுநோய் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக அவளுக்கு மனசில்லை. நோய் என்று சொன்னால் லீலாபாய் அழுவாள், அழுதால் இருவரும் அழ வேண்டும், பிறகு எப்போது போனாலும் சீக்குக்காரியைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பாள். அதைவிட ஒரு வெற்றிலை போட்டுவிடுவது லேசாக இருந்தது. போட்டாள். அன்றைக்கு மூன்று போட்டாள். அடுத்த முறை நான்கு. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மென்ற வாய் மட்டும் சும்மா இருக்குமா?

மாதம் முடிந்து கண்ணாடியை உள்ளே விட்ட டாக்டர், "போட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வெள்ளைத் திட்டு ஒரு நெல்மணி அளவு விரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இனி விரிஞ்சா வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்" என்றாள்.

சத்தியபாய் பயந்துபோனாள். பயந்தவள் கீரிப்பாறைப் போக்கையே நிறுத்தினாள். லீலாபாய் போன் செய்யும்போதெல்லாம் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், மகனுக்கு லீவில்லை, கால் வீங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு காரணம் சொன்னாள். இரண்டு மாதம் பொறுத்த லீலாபாய் ஒருநாள் போனில் வெட்டென்று சொன்னாள்:

"நீ தக்கலக்காரி ஆயிட்டா. எனக்குத் தெரியும். இனி நான் விளிக்க மாட்டேன்."

சொன்னபடியே ஒரு மாதம் அழைக்கவில்லை. வெற்றிலை இல்லாமல் இருந்துவிடலாம். லீலாபாய் இல்லாமல் எப்படி இருப்பது? காலையில் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனால், இன்றைக்கு இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஏதாவது ஒன்று தோன்றும், சொல்ல ஆளில்லை. மகன் வீட்டில் எல்லா வசதியும் இருந்தும் தன் வாழ்க்கை தன்னைவிட்டு எங்கேயோ இறங்கிப்போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருவது வரட்டும் என்று பஸ் ஏறினாள்.

லீலாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் கை பழக்கத்தில் வெற்றிலையைக் கிழித்தது. கிழித்த பாதி சத்தியபாயின் முன்னால் வந்து நின்றது. இதை வாங்கினால் கோபம் தீர்ந்தது, வாங்காவிட்டால் உறவு முறிந்தது. அந்தப் பக்கத்தில் பேச்சில்லாமல் இருந்த இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்பதற்கு வெற்றிலை கைமாறுவதைவிட வேறு சாட்சி கிடையாது.

அப்போதுதான் சத்தியபாயின் வாய் அந்தப் பொய்யைச் சொன்னது. யோசித்துச் சொன்னதல்ல, அதுவாக வந்தது.

"நான் நேர்ச்ச வச்சிருக்கேன் மக்கா. வெத்தல போட மாட்டேன்னு அய்யாவுக்கு நேர்ந்திருக்கேன்."

லீலாபாயின் கை நின்றது. "நேர்ச்சயா? எதுக்கு?"

எதுக்கு என்று சத்தியபாய் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கண் அங்கும் இங்கும் அலைந்தது. உள்ளே அஞ்சு துணி மடித்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தொன்பது. தங்கமான பெண். ஆனால் வருகிற இடமெல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லித் தட்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அஞ்சுக்கு நல்ல ஒரு இடம் அமையட்டும்னுதான்."

லீலாபாய் வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "அதுக்காட்டி நீ வராம இருந்தா? வந்தா நான் நிர்ப்பந்திப்பேன்னா? இத நீ எனக்கிட்ட சொல்லப்பிடாதா? நான் என்னெல்லாமோ பேசிட்டனே" என்று அவள் தழுதழுத்தபோது சத்தியபாய்க்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் வெட்கத்துக்கு நடுவிலும், அப்பாடா, தப்பித்தோம் என்று ஒரு மூச்சும் வந்ததை மறைப்பானேன்?

டாக்டரின் பேச்சை ஒரு கையால் தள்ளிவிட்ட அதே ஊர், நேர்ச்சை என்றதும் கைகட்டி நின்றது. அவள் வருகிறாள் என்றால் லீலாபாய் வெற்றிலைப் பெட்டியை எடுத்து நெல் பத்தாயத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாள். அடுத்த வீட்டுக்காரி தெரியாமல் பாக்கை நீட்டினால், "ஏட்டி, அவ நேர்ச்சக்காரி! பாவத்தத் தேடாத" என்று சத்தம் போடுவாள். சத்தியபாய் இருக்கும் நேரம் முழுவதும் லீலாபாயும் போட மாட்டாள். பொரித்த மரச்சீனிக் கிழங்கும் பால் விடாத கட்டஞ்சாயாவும் வைத்துக்கொண்டு பழைய கதை பேசினார்கள். சாயங்காலம் பஸ் ஏறும்போது சத்தியபாயின் வாய் சுத்தமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்து, "ஓரமெல்லாம் மங்குதும்மா, நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சிரித்தாள். பொய் சொல்லிப் பிழைத்தோம் என்று சத்தியபாய் அய்யாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். நேரில் அய்யாவின் கோயிலான தாங்கல் பக்கம் போக மட்டும் தைரியம் வரவில்லை.

நேர்ச்சை என்றால் அது ஒருநாள் நிறைவேறும் என்பதை அந்த மண்டூகம் யோசிக்கவே இல்லை.

நிறைவேறியது. பூதப்பாண்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் சுதன் என்ற பையன் வந்து அஞ்சுவைப் பார்த்தான். அவளுக்கும் பிடித்தது, அவனுக்கும் பிடித்தது. ஆவணியில் கல்யாணம், வைகாசியில் நிச்சயம். லீலாபாய் வீடு வீடாகப் போய், "எல்லாம் எனக்க சத்தியபாய்க்க நேர்ச்ச" என்று சொல்லி அழைத்தாள். போனில் அவள் கொட்டிய சந்தோஷத்தைக் கேட்டுச் சத்தியபாயும் உண்மையாகவே மகிழ்ந்தாள். அந்தப் பெண்ணுக்காகத் தான் ஒன்றும் செய்யவில்லையே என்ற உறுத்தல்கூட அன்றைக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல சேதி.

நிச்சயத்தன்று சத்தியபாய் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். வீட்டு முற்றத்தில் பந்தல். இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றி, நாள் எழுதி வாசித்து, எல்லாம் முடிந்த பிறகு பந்தி போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது லீலாபாய் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் இருக்கணும். இவதான் சத்தியபாய். எனக்க மவளுக்கு ஒரு வாழ்வு வரணும்னு மாசக்கணக்கா வெத்தல தொடாம நோன்பு கிடந்தவ. யாருக்காக நேர்ந்தோமோ அவங்க கையாலதான நேர்ச்ச முடிக்கணும்? மக்களே அஞ்சு, வா."

பட்டுச்சேலையில் அஞ்சு வந்தாள். கையில் ஒரு சின்னத் தட்டு. அதில் தளிர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் போயிலையும் வைத்து அழகாக மடித்த ஒரு சுருள். அந்தப் போயிலைக்காக லீலாபாய் குலசேகரம் சந்தை வரைக்கும் போய்வந்திருந்தாளாம். அஞ்சு தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுருளை இரண்டு விரலால் எடுத்துச் சத்தியபாயின் வாயருகே கொண்டுவந்தாள். "சித்தி, உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பது பழமொழி. இவள் வாய்க்கு வெற்றிலையே தேடி வந்தது. வேண்டாம் என்றால் கல்யாணப் பெண் கொடுத்ததை, அதுவும் நிச்சயப் பந்தலில், மறுத்ததாகும். அதைவிடப் பெரிய அபசகுனம் ஊரில் கிடையாது. உண்மையைச் சொன்னாலோ, அஞ்சுவின் பேரில் அய்யாவிடம் வைத்த நேர்ச்சை பொய் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னதாகும். போதாக்குறைக்கு அந்த வாசனை வேறு. பாழாய்ப்போன நாக்கில் எச்சில் ஊறியது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு நிஜமாகப் பயம் வந்தது.

வாயைத் திறந்தாள். சுருள் உள்ளே போனது. கை தட்டினார்கள்.

மெல்லவில்லை. வலது பக்கப் பல்லுக்கடியில் அதை அசைக்காமல் வைத்துக்கொண்டு சிரித்தாள், தலையாட்டினாள், அஞ்சுவின் நெற்றியில் கை வைத்தாள். காரம் மெல்ல மெல்லக் கசிந்து இறங்கியது. ஒரு கடி, ஒரே ஒரு கடி என்று தாடை கெஞ்சியது. பந்திக்கு இலை போட்டு எல்லாரும் எழுந்த கலவரத்தில் அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். குனிந்து துப்பினாள். வாளித் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தாள். விரலை விட்டு ஈறெல்லாம் வழித்தாள்.

நிமிர்ந்தபோது பின்வாசலில் லீலாபாய் நின்றுகொண்டிருந்தாள். பரிமாற ஆளைத் தேடி வந்தவள் போலிருந்தது. அவள் பார்வை கிணற்றடியில் கிடந்த, மெல்லாத அந்தச் சுருளின்மேல் இருந்தது.

"எனக்க மவ தந்தத நீ துப்புனியா?"

"லீலா..."

"மெல்லக்கூட இல்ல. அப்படியே துப்பியிருக்கா. இன்னைக்கு. இந்த நாளுல."

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? சத்தியபாய் எல்லாவற்றையும் சொன்னாள். பல் டாக்டர், சதை எடுத்தது, நெல்மணி அளவு விரிந்தது, பயம், அந்த ஞாயிற்றுக்கிழமை. "நேர்ச்ச ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன். அஞ்சு பேரச் சொன்னது என் வாய்க் கொழுப்பு. நீ என்னைச் செருப்பால அடி. ஆனா அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் வந்துரக்கூடாதுன்னு நான் தாங்கல்ல போய் முட்டுக்குத்துவேன்" என்றாள்.

பந்தலில் யாரோ பப்படம் கேட்டார்கள். அடி விழும் என்றுதான் சத்தியபாய் எதிர்பார்த்தாள். விழவில்லை. லீலாபாய் அருகில் வந்து அவள் தாடையைப் பிடித்தாள்.

"வாயத் திற."

திறந்தாள். லீலாபாய் இடுப்பிலிருந்த செல்போனை எடுத்து, தடுமாறித் தடுமாறி அதில் டார்ச்சைப் போட்டு உள்ளே அடித்தாள். பட்டையில் சீவ வேண்டிய ஆழத்தை மயிரிழை பிசகாமல் பார்த்த கண்கள் அவை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுதானா?" என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை. அது சத்தியபாய்க்கு விளங்கவில்லை. "இம்புட்டுத்தானா? இதுக்கா கேன்சர் வரும்னு சொன்னா?"

"வரலாம்னு சொன்னா. விட்டா வராதுன்னு..."

லீலாபாய் டார்ச்சைச் சத்தியபாயின் கையில் கொடுத்தாள். பின்வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கிணற்றுச் சுவரில் சாய்ந்து தன் வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள்.

சத்தியபாய் பார்த்தாள். நெல்மணி இல்லை அது. கீழ் ஈறிலிருந்து கன்னம்வரை வெள்ளையாகப் படர்ந்து, நடுவில் சிவந்து, ஓர் இடத்தில் புண்ணாகி இருந்தது. டார்ச் வெளிச்சம் நழுவி லீலாபாயின் புதுச்சேலையில் விழுந்தது.

"எத்தன நாளா?"

"ஒரு வருசம் இருக்கும். எரிவு கூடினது ரெண்டு மூணு மாசமாத்தான்."

"ஏட்டி, ஒரு வருசமா! யாருட்டயும் காட்டல்லியா?"

"காட்டுனா ஊருக்குத் தெரியும். பொண்ணுக்க அம்மைக்கு வாயில கேன்சர்னா எவன் வருவான்? ஏற்கனவே வந்தவனெல்லாம் ஓடுகான். கல்யாணம் முடியட்டும், பின்ன பாப்போம்னு வச்சிருந்தேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ அன்னைக்கு டாக்டர்னு சொன்னப்போ வாயில என்னன்னு சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன் மக்கா. வேற யாருட்ட சொல்ல?"

சத்தியபாய் பொய் சொல்லித் தன் வாயைக் காத்துக்கொண்ட அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் லீலாபாய் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள், இதே வாயோடு. அழுவாளே என்று பயந்து ஒரு சொல்லை அடக்கியதற்கு இதுவா கூலி? தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

"நாளைக்கு முதல் பஸ்சுக்கு நீ எனக்க கூட வருகா" என்றாள். "நான் இன்னைக்கு இங்கதான் கிடப்பேன்."

"ஆவணி கழியட்டும்ட்டி."

"ஆவணி வரைக்கும் பொறுக்கப்பிடாது. நாளைக்கு."

"மாப்பிள வீட்டுக்காரங்க கேட்டா? எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"எனக்குப் பல்லுவலி, துணைக்குப் போறேன்னு சொல்லு. பொய்யா வேணும்? அதுக்குத்தான நான் இருக்கேன்."

லீலாபாய் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு என்னமோ ஆகி, அவள் சத்தியபாயின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் உடம்பு நடுங்கிச் சத்தியபாய் பார்த்ததில்லை. "பயமா இருக்குட்டி" என்றாள், காதோடு, ஒரே ஒரு முறை. "இருக்கட்டும். எனக்கும் இருந்துது. நான் கூட இருக்கேன்" என்றாள் சத்தியபாய்.

உள்ளேயிருந்து, "அம்மா, எங்க போனா? சம்பந்தி தேடுகாவ" என்று அஞ்சு கூப்பிட்டாள். லீலாபாய் நிமிர்ந்து முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுவிட்டு, பந்தல் முழுவதும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"அஞ்சு! நாளைக்குக் காலத்த நான் சத்தியபாய்க்க கூட தக்கலைக்குப் போறேன். அவளுக்குப் பல்லுவலி, பாவம், சகிக்க முடியல்ல!"

பின்வாசலில் நாலைந்து பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சத்தியபாய் சட்டென்று கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தியவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. எவ்வளவு முயன்றும் அதை நிறுத்த முடியவில்லை.

"பாவம். பல்வலி ரொம்பப் பொல்லாதது" என்றாள் சுதனின் அம்மா.